ஏற்காடு ஏத்தத்துக்கு டைகுன் டிஎஸ்ஜியா, குஷாக் 1.0வா, கைலாக்கா? ஒரே பிளாட்பாரம்னா பார்ட்ஸ் மாத்திப் போடலாமா?

அஞ்சுரோடு

வணக்கம்ங்க. அஸ்தம்பட்டியில் இருந்து நாகலூர் பக்கம் இருக்கிற காபித் தோட்டத்துக்கு வாரம் ரெண்டு தடவை ஏறி இறங்க ஒரு வண்டி வேணும். பெரும்பாலும் நாலு பேர், சில நாள் அஞ்சு. அறுவடை நேரத்துல டிக்கியில் மிளகு மூட்டை ஒண்ணு ரெண்டு ஏறும். கடைசி ரெண்டு கிலோமீட்டர் செம்மண் ரோடு.

பாத்து வச்சிருக்கறது மூணு. 2022 ஃபோக்ஸ்வாகன் டைகுன் 1.5, ஏழு கியர் டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக்), 48,000 கிலோமீட்டர் ஓடினது. 2022 ஸ்கோடா குஷாக் 1.0 ஆட்டோமேட்டிக், 41,000 ஓடினது. இல்லேன்னா புது ஸ்கோடா கைலாக் ஆட்டோமேட்டிக்.

யாரைக் கேட்டாலும் "எல்லாம் ஒரே பிளாட்பாரம், எதை எடுத்தாலும் ஒண்ணுதான்"னு முடிச்சிடறாங்க. அப்படின்னா மலைக்கு எதை எடுத்தாலும் ஒண்ணுதானா? ஸ்கோடா பார்ட்ஸை ஃபோக்ஸ்வாகன்ல போடலாமா? இன்னொண்ணு, ஆறு ஏழு பேர் போற மாதிரி இவங்க வேன் எதாவது இங்க கிடைக்குமா?

ஓமலூர்_ஸ்பேனர்

பிளாட்பாரம் ஒண்ணுங்கறது சரி. ஆனா மலையில் உங்களைக் காப்பாத்தறதும் கவுக்கறதும் கியர்பாக்ஸ். நீங்க சொன்ன மூணுல ரெண்டு வேற வேற கியர்பாக்ஸ் இருக்கு.

முதல்ல பிளாட்பாரம், அதாவது வண்டியோட அடிக்கட்டமைப்பு. இவங்களோடது பேரு எம்கியூபி. எம்கியூபின்னா என்ஜினைக் குறுக்கே வச்ச வண்டிகளுக்கான ஒரு கட்டமைப்பு. 2012ல ஆடி ஏ3, ஏழாம் தலைமுறை கோல்ஃப் வழியா வந்தது. இதுல மாறாம நிக்கிற அளவு முக்கியமா ஒண்ணே ஒண்ணு: ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் முன் சக்கர மையத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம். என்ஜின் சாயற கோணம், மவுண்டிங் எல்லாம் அந்தத் துண்டுக்குள்ள அடங்கிடும். அதுக்குப் பின்னாடி நீளம், அகலம், உயரம் எப்படி வேணா மாத்திக்கலாம். அதனாலதான் போலோவும் டிகுவானும் ஒரே குடும்பம்.

அதோட சின்ன அளவை நம்ம ஊருக்குன்னு மாத்தினதுதான் எம்கியூபி ஏ0 ஐஎன். 2021ல குஷாக், டைகுன். 2022ல ஸ்லாவியா, விர்டஸ். இந்த நாலுக்கும் வீல்பேஸ் (முன் பின் சக்கர மையங்களுக்கு நடுவுல இருக்கிற தூரம்) 2,651 மில்லிமீட்டர். கைலாக்கும் இதே குடும்பம்தான், ஆனா நாலு மீட்டருக்குள்ள அடக்கணும்னு வீல்பேஸை 2,566க்கு வெட்டிட்டாங்க. எல்லாம் புனே பக்கத்துல சாக்கன்ல தயாராகறது.

இப்ப கியர்பாக்ஸ். 1.0 என்ஜின் மூணு சிலிண்டர், 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). அதோட வர்றது ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர், கிளட்ச்சுக்குப் பதிலா எண்ணெய் வழியா விசையைக் கடத்தற ஆட்டோமேட்டிக். குஷாக், கைலாக் ரெண்டுலயும் இதுதான். 1.5 என்ஜின் நாலு சிலிண்டர், 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். அதோட ஆட்டோமேட்டிக் டிக்யூ200ங்கிற ஏழு கியர் டிஎஸ்ஜி. டிக்யூ200 உலர் கிளட்ச். ரெண்டு கிளட்ச் தட்டு, மேல எண்ணெய் கிடையாது. அது தாங்கற உச்ச டார்க்கே 250தான், அதாவது என்ஜின் குடுக்கறதும் கியர்பாக்ஸ் தாங்கறதும் ஒரே கோட்டுல நிக்குது.

சமதளத்துல இது பிரச்சினையே இல்லை. சேலம்-ஆத்தூர் ரோட்டுல இதை விட இதமான கியர்பாக்ஸ் இந்த விலைக்குக் கிடையாது. கஷ்டம் எங்கன்னா, மே மாசம் கோடை விழா சமயத்துல ஞாயித்துக்கிழமை சாயங்காலம். கொண்டை ஊசி வளைவு இருபதுலயும் வண்டி வரிசை கட்டி நிக்கும். ஆள் நடக்கற வேகத்துல ஊர்ந்து ஏறணும். அந்த வேகத்துல முதல் கியர் முழுசாப் பிடிக்காது, கிளட்ச் பாதி வழுக்கிட்டேதான் இருக்கும். 1,650 கிலோ பாரம், பத்துக்கு ஒண்ணு சரிவு, மணிக்கு மூணு கிலோமீட்டர் வேகம்னு வச்சுக் கணக்குப் போட்டா, தோராயமா ரெண்டரை கிலோவாட் சூடு கிளட்ச்சுக்குள்ள போகுது. குளிக்கிற கீசரை விடக் கொஞ்சம் அதிகம். பிரேக்கை விட்டுட்டு ஆக்சிலரேட்டராலயே வண்டியைச் சரிவுல நிறுத்திப் பிடிச்சா மூணு கிலோவாட்டுக்கு மேல போயிடும். அந்தச் சூட்டை வாங்கிக்க இருக்கறது வார்ப்பிரும்புத் தட்டோட எடை மட்டும்தான். எண்ணெய் வந்து அள்ளிட்டுப் போகாது.

டார்க் கன்வெர்ட்டர்லயும் சூடு வரும். ஆனா அது எண்ணெயில் ஏறும், எண்ணெய் கூலர் வழியாப் போய் ஆறிட்டு வரும். அந்த வித்தியாசம்தான் எல்லாம்.

அதனால உங்க உபயோகத்துக்கு குஷாக் 1.0 இல்லேன்னா கைலாக். டிக்கி பெரிசா வேணும்னா கைலாக்ல 446 லிட்டர், குஷாக்ல 385. ஆனா பின்சீட்ல கால் நீட்ட இடம் குஷாக்லதான்.

வளைவு_பதினேழு

ஸ்பேனர் அண்ணா சொல்றது சரி. ஆனா டிஎஸ்ஜியைத் தொடவே கூடாதுங்கற அளவுக்குப் போக வேண்டாம். வார நாள்ல காலையில் ஏறி சாயங்காலம் இறங்கறவருக்கு வரிசையில் நிக்கிற வேலையே இல்லை. நகர்ற மலைப்பாதையில் டிஎஸ்ஜிக்கு ஒரு குறையும் வராது, 250 நியூட்டன் மீட்டர் 1,600 ஆர்பிஎம்லயே கிடைக்குது.

வரிசையில் மாட்டினாலும் வழி இருக்கு. முன் வண்டி ஒரு அடி நகர்ந்ததும் நீங்களும் ஒரு அடி நகராதீங்க. பிரேக்கை நல்லா அழுத்தியே நில்லுங்க, அப்ப கிளட்ச் முழுசாப் பிரிஞ்சிடும். லேசா மட்டும் வச்சிருந்தா பாதி பிடிச்சுத் தேய்ஞ்சிட்டே இருக்கும். முன்னாடி ஒரு வண்டி நீளம் இடம் விழுந்ததும் தயங்காம ஒரே மூச்சா எடுங்க. பின்னாடி ஹாரன் அடிப்பாங்க, அடிக்கட்டும்.

அப்புறம் 1.0 பத்தி யாரும் சொல்லாத ஒண்ணு. அந்த டார்க் 1,750 ஆர்பிஎம்லதான் முழுசா வருது. அதுக்குக் கீழ டர்போ தூங்கும். ஆட்டோமேட்டிக்ல டார்க் கன்வெர்ட்டர் அதை மறைச்சிடும். விலை குறைவுன்னு 1.0 மேனுவல் பக்கம் போனீங்கன்னா, அஞ்சு பேரோட கொண்டை ஊசியில் ரெண்டாவது கியர்ல திரும்பும்போது வண்டி மூச்சு முட்டும். வளைவுக்கு முன்னாடியே முதல் கியருக்கு வந்துடணும். வளைவுக்கு நடுவுல மாத்தினா அதுக்குள்ள வேகம் செத்துடும்.

சேர்வராயன்_பனி

எல்லாரும் ஏறறதையே பேசறீங்க. ஏற்காட்டுல வண்டி கெடறது ஏத்தத்துல, ஆள் கெடறது இறக்கத்துல.

சேலம் கடல்மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515. இறங்கறப்ப 1,200 மீட்டருக்கு மேல. பாரத்தோட 1,650 கிலோ வண்டி அந்த உயரத்தை இழக்கறப்ப வெளியாகிற ஆற்றல் கரண்ட் பில் கணக்குல அஞ்சு யூனிட்டுக்கு மேல. டயர் உராய்வும் காத்தும் ஒரு பங்கை எடுத்துக்கும். மீதியை என்ஜின் வாங்கணும், இல்லேன்னா பிரேக் வாங்கணும். இந்த வண்டிகள்ல பின்னாடி டிரம், அதனால பெரும்பங்கு முன் டிஸ்க் தலையிலதான்.

டிரைவ்ல (டி) போட்டு இறங்காதீங்க. கியர் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி, வளைவுல ரெண்டாவது கியர், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவுல மூணாவது. ஆர்பிஎம் 3,000, 3,500 போனாலும் பயப்பட வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்ட நிலையில் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திடும், அதனால செலவும் இல்லை. நியூட்ரல்ல இறக்கினா பெட்ரோல் மிச்சம்னு இன்னமும் சொல்லிட்டுத் திரியறாங்க. நியூட்ரல்லதான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் போகும்.

பிரேக்கைத் தடவிட்டே வராதீங்க. 40ல இருந்து 25க்கு ஒரே அழுத்தா அழுத்தி, முழுசா விட்டுடுங்க. விட்ட நேரத்துலதான் டிஸ்க் ஆறும்.

பெடல் சொல்றதைக் கேக்கத் தெரியணும். பெடல் மெத்துன்னு ஆகி வழக்கத்தை விடக் கீழ போனா, பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள ஆவி சேந்துடுச்சுன்னு அர்த்தம். பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலேன்னா, பேட் சூடாகிப் பிடிப்பு விட்டுடுச்சு. ரெண்டுக்கும் உடனடி வைத்தியம் ஒண்ணுதான், கீழ் கியர் போட்டு ஓரங்கட்டி ஆற விடறது. ஆனா வீட்டுக்கு வந்து பாக்க வேண்டிய இடம் வேற. மெத்துன்னா ஆயிலை மாத்தணும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்ச பின்னாடி அந்த வரம்பு 155க்கு இறங்கிடும். அதனாலதான் கிலோமீட்டர் ஓடினாலும் ஓடாட்டியும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. நீங்க பாக்கிற ரெண்டும் 2022 வண்டி. பிரேக் ஆயில் எப்ப மாத்தினாங்கன்னு சர்வீஸ் புத்தகத்துல தேதி இல்லேன்னா, மாத்தலேன்னே வச்சுக்குங்க.

இறங்கறப்ப ஏறி வர்ற வண்டிக்கு வழி விடறதுதான் முறை. டிஎஸ்ஜிக்காரர் யாராவது ஏறிட்டிருப்பாரு, பாவம்.

அஞ்சுரோடு

ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரம் எதிர்பாக்கல. டைகுன் டிஎஸ்ஜி விலை நல்லாப் படிஞ்சு வருது, அதான் மனசு அலையுது. எடுக்கறதா இருந்தா எதைப் பாத்து எடுக்கணும்? குஷாக்ல எதைப் பாக்கணும்?

ஓமலூர்_ஸ்பேனர்

டைகுனை ராத்திரி முழுக்க நின்ன நிலையில் காலையில் போய்ப் பாருங்க. ஓட்டிச் சூடாக்கி வச்ச வண்டியைக் காட்டினா இன்னொரு நாள் வர்றேன்னுட்டு வந்துடுங்க.

ஓட்டுநர் கதவைத் திறந்ததுமே கியர்பாக்ஸ் பக்கம் விர்ருன்னு ஒரு மோட்டார் சத்தம் வந்து நிக்கும். அது மெக்காட்ரானிக் (கியரையும் கிளட்ச்சையும் இயக்கற யூனிட்) பம்பு அழுத்தம் ஏத்தறது, இயல்புதான். என்ஜின் ஓடிட்டு சும்மா நிக்கிறப்ப அந்தச் சத்தம் சில நொடிக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வந்தா, அழுத்தம் எங்கயோ கசியுது. டிக்யூ200ல அழுத்தத்தைச் சேத்து வைக்கிற உருளை மாட்டியிருக்கிற அலுமினிய உடம்புல விரிசல் விடறது தெரிஞ்ச வியாதி. ஸ்கேனர்ல பி17பிஎஃப்னு பிழைக் குறியீடு வந்தா அந்தப் பக்கம்தான் முதல் சந்தேகம். அழிச்சுட்டுக் காட்டினாலும் ரெண்டு நாள் ஓட்டத்துல திரும்ப வந்துடும்.

அடுத்து கிளட்ச். இதுல ஒத்தைப்படை கியர் 1, 3, 5, 7 எல்லாம் முதல் கிளட்ச். இரட்டைப்படையும் ரிவர்ஸும் ரெண்டாவது கிளட்ச். ரெண்டையும் தனித்தனியாச் சோதிக்கணும். அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி அஞ்சாறு வளைவு ஏத்துங்க, சூடாகட்டும். அகலமான இடத்துல ஓரங்கட்டி, ஏத்தம் பாத்த மாதிரி நிறுத்தி, மெதுவா எடுங்க. வண்டி மொத்தமும் டகடகன்னு உதறினா முதல் கிளட்ச். மூக்கு கீழ பாத்த மாதிரி நிறுத்தி, ரிவர்ஸ்ல மேல் நோக்கி ரெண்டு மூணு அடி மெதுவா ஏத்துங்க. அங்க உதறினா ரெண்டாவது கிளட்ச். இந்த ரெண்டாவது சோதனையை யாரும் செய்யறதில்லை. சரிவுல ரிவர்ஸ் போட்டு நிறுத்தற வீட்டு வண்டியில் முதல்ல போறதே அதுதான்.

அப்புறம் ஸ்கேனர் போட்டு, கியர்பாக்ஸ் யூனிட்ல கிளட்ச் அடாப்டேஷன் அளவும் (தேய்மானத்துக்கு ஏத்த மாதிரி கம்ப்யூட்டர் திருத்தி வச்சிருக்கறது), கிளட்ச் அதிகச் சூடான கணக்கும் எடுக்கச் சொல்லுங்க. மலை வண்டியா, நெடுஞ்சாலை வண்டியான்னு அந்தக் கணக்கே சொல்லிடும்.

2013ல உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் வண்டிக்கு இந்த ஏழு கியர் பாக்ஸ்ல செயற்கை எண்ணெயை எடுத்துட்டு மினரல் எண்ணெய் ஊத்தினாங்க. டிஎஸ்ஜின்னாலே ஆகாதுங்கற பேர் அந்தக் காலத்துல பரவினதுதான், 2022 வண்டிக்கு அதைச் சொல்லி பயமுறுத்தினா காதுல போட்டுக்காதீங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, இதுல பல்சக்கரத்துக்கு ஒரு எண்ணெய், மெக்காட்ரானிக்குக்குத் தனியா ஒரு எண்ணெய். ஒண்ணை மாத்திட்டு "டிஎஸ்ஜி ஆயில் மாத்தியாச்சு"ன்னு பில் போடற இடமும் இருக்கு.

குஷாக்ல வேலை கம்மி. லீவரைப் பார்க்கிங்குக்கும் டிரைவுக்கும் நடுவுல மாத்தறப்ப தட்டுற சத்தம், ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்ப இழுப்பு, அவ்வளவுதான். கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுளுக்கும் போதும்னு சொல்வாங்க. மலை வண்டிக்கு 60,000ல மாத்திடறது நல்லது. வடிச்சா மொத்தத்துல பாதிகூட வராது, மூணு லிட்டர் சுமார் வரும். மீதி கன்வெர்ட்டருக்குள்ளயே நிக்கும். அளவு பாக்க டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியைச் சமமா லிஃப்ட்ல ஏத்தி, என்ஜின் ஓட விட்டு, ஸ்கேனர்ல எண்ணெய்ச் சூடு 35க்கும் 45க்கும் நடுவுல இருக்கறப்ப அடி நட்டைத் திறந்து, சொட்டுச் சொட்டா வழியுதான்னு பாக்கணும். கொதிக்கக் கொதிக்கத் திறந்து பாத்து அளவு சரின்னு மூடினா எண்ணெய் குறைவா நிக்குதுன்னு அர்த்தம். ஆறினதும் மட்டம் இறங்கிடும், கியர் வழுக்க ஆரம்பிக்கும்.

பாகம்_எண்

பார்ட்ஸ் கேள்விக்கு யாரும் வரலையே.

வெளிய தெரியற பம்பர், பானெட், விளக்கு, கதவுத் தகரம் எல்லாம் வேற வேற. உள்ள இருக்கிற என்ஜின், கியர்பாக்ஸ், ஃபில்டர், பிரேக் பேட், சக்கரத்தைத் தாங்கற கீழ் ஆர்ம், மவுண்டிங் போன்றதுல நிறைய பொது. ஆனா கடையில் போய் "டைகுனுக்கு வேணும்"னு கேக்காதீங்க. உங்க சேசிஸ் எண்ணைக் குடுத்து வர்ற பார்ட் நம்பரைக் கேளுங்க. ஸ்கோடா கவுண்டரோ ஃபோக்ஸ்வாகன் கவுண்டரோ, நம்பர் ஒண்ணா இருந்தா பொருள் ஒண்ணு. எங்க இருப்பு இருக்கோ அங்க வாங்கலாம், சில சமயம் விலையும் வித்தியாசப்படும்.

நம்பரைப் படிக்கக் கத்துக்கிட்டா ஏமாற மாட்டீங்க. 1கே0 615 301 ஏஏங்கிற நம்பரை எடுத்துக்குங்க. 1கே0ங்கறது எந்த வண்டிக்காக முதல்ல வரைஞ்சாங்கங்கறது, இங்க அஞ்சாம் தலைமுறை கோல்ஃப். அடுத்த 6 முக்கியமான இலக்கம்: 1 என்ஜின், 2 எரிபொருளும் சைலன்சரும், 3 கியர்பாக்ஸ், 4 முன் ஆக்சில், 5 பின் ஆக்சில், 6 சக்கரமும் பிரேக்கும், 7 பெடல் லீவர், 8 பாடி, 9 மின்சாரம். 15ங்கறது அதுக்குள்ள ஒரு உட்பிரிவு, 301 பொருள். ஆக இது முன் பிரேக் டிஸ்க். கடைசி எழுத்து பதிப்பு. அந்த எழுத்தை அலட்சியம் பண்ணா டிஸ்க்கோட விட்டமே மாறிடும். இந்த டிஸ்க் டைகுனுக்குச் சேராது, ஏன்னா கோல்ஃப்ல சக்கரத்தோட அஞ்சு போல்ட் நிக்கிற வட்டத்தோட விட்டம் 112 மில்லிமீட்டர், டைகுன், குஷாக்ல 100. அலாய் வீல் பழசு வாங்கறப்பவும் இதே கணக்கு. டிகுவான் வீல் பாக்க அழகா இருக்கும், 112, ஏறாது.

இடது வலதுன்னு ரெண்டு இருக்கிற பார்ட்ல ஒன்பதாவது இலக்கம் ஒத்தைப்படைன்னா இடது, இரட்டைப்படைன்னா வலது. 407 151 இடது ஆர்ம், 407 152 வலது ஆர்ம். இடதுன்னா ஓட்டுநர் சீட்ல உக்காந்து பாக்கிற இடது. பானெட் முன்னாடி நின்னு பாத்துட்டு ஃபோன்ல ஆர்டர் சொல்றதாலயே பாதி பார்ட் திரும்பிப் போகுது.

உடைச்ச வண்டியில் இருந்து எடுத்த ஆர்ம், மவுண்டிங் வாங்கலாம். மீட்டர், என்ஜின் இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) மாதிரி மின்சாமான் வாங்காதீங்க. இம்மொபிலைசர்ல (திருட்டுத் தடுப்பு) சேசிஸ் எண்ணோட கட்டிப் போட்டிருக்கும், மாட்டினா ஸ்டார்ட் ஆகாது.

என்ஜின் ஆயிலும் அப்படித்தான். 5டபிள்யூ30ங்கற தடிப்பு எண் மட்டும் பாத்து ஊத்தாதீங்க. கையேட்டுல ஃபோக்ஸ்வாகன் அனுமதி எண் ஒண்ணு போட்டிருக்கும், அது டப்பா பின்னாடி அச்சாகியிருக்கணும்.

வளைவு_பதினேழு

வேன் கேள்விக்குச் சுருக்கமா: இங்க விக்கல. ஃபோக்ஸ்வாகன் மல்டிவேன் 2021ல இருந்து எம்கியூபியில வருது, கேடிங்கிற சின்ன வேனும் அதே. ஐடி பஸ் மின்சார வண்டி, எம்இபிங்கிற வேற கட்டமைப்பு, மோட்டார் பின்னாடி. புது டிரான்ஸ்போர்ட்டர் ஃபோர்டு டிரான்சிட் கஸ்டமோட பங்கு போட்டது, எம்கியூபி கிடையாது. பேரைப் பாத்து எல்லாம் ஒரே பிளாட்பாரம்னு வேன்ல சொல்லவே முடியாது. தனியா இறக்குமதி பண்ணா வரியே வண்டி விலையைத் தொட்டுடும், பார்ட்ஸுக்கு யார்கிட்ட போறது? ஏழு சீட், நாலு சக்கர இழுவை, எண்ணெய்க் குளியல் கிளட்ச், மூணும் வேணும்னா பழைய ஸ்கோடா கோடியாக் 2.0 பாருங்க. அதுல இருக்கிற டிஎஸ்ஜி வேற, வரிசையில் ஊர்ந்தாலும் சமாளிக்கும்.

அஞ்சுரோடு

கோடியாக் பட்ஜெட்டுக்கு மேலங்க. குஷாக்ல முடிவாயிட்டேன், ஞாயித்துக்கிழமை அடிவாரத்துல ஓட்டிப் பாக்கப் போறேன். முன் சக்கர இழுவைதானே, மழையில் அந்தச் செம்மண் ரோடு ஏறுமா?

சேர்வராயன்_பனி

தரையில் இருந்து 188 மில்லிமீட்டர் இருக்கு, அடி தட்டாது. பிடிப்புதான் சிக்கல். ஏத்தத்துல பாரம் பின்னாடி சாயும், டிக்கியில் மூட்டையும் இருந்தா முன் டயர் இன்னும் லேசாகிச் சுத்தும். மூட்டையை முடிஞ்சா முன்சீட் காலடியில் வைங்க. சுத்த ஆரம்பிச்சதும் ஆக்சிலரேட்டரை விடுங்க, மேல அழுத்தினா குழிதான் தோண்டும். சின்ன வழுக்கல் இடம்னா திருப்பிக்கிட்டு ரிவர்ஸ்ல ஏத்துங்க, பாரம் முன் சக்கரத்து மேல விழும், பிடிக்கும். டார்க் கன்வெர்ட்டர்ங்கறதால இதைத் தைரியமாச் செய்யலாம், டிஎஸ்ஜியா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.

ஓமலூர்_ஸ்பேனர்

ஞாயித்துக்கிழமை போறப்ப பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ள ஸ்டிக்கரையும் பாருங்க. இ10னு (பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) மட்டும் இருந்தா, இப்ப பங்க்ல வர்ற இ20 (இருபது சதவீதம்) அந்த வண்டிக்கு ஒத்துக்குமான்னு கம்பெனிகிட்ட கேட்டுக்குங்க.  விலை பேசறப்ப அதையும் சேத்துப் பேசுங்க. டயர் அழுத்தம் எழுதின ஸ்டிக்கர்ல ஆள் குறைவுக்கு ஒரு அளவு, முழுப் பாரத்துக்கு ஒரு அளவுன்னு ரெண்டு இருக்கும். மூட்டை ஏத்தற அன்னிக்கு ரெண்டாவது அளவு.